அவர் பெயர் தபித்தா

(வானொலி மறையுரை. பாஸ்கா காலம் மூன்றாம் வாரம், சனிக்கிழமை. வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 9:31-42, யோவான் 6:60-69)



வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்துவிட்டால், பால் வாங்கி வருவதற்கு முன்பே பெயர் தேடத் தொடங்கிவிடுகிறோம். முன்பெல்லாம் பாட்டியிடம் கேட்டார்கள். பங்கின் பாதுகாவலர் யார், பிறந்த நாளில் எந்தப் புனிதருக்குத் திருவிழா என்று பார்த்தார்கள். அந்தோணியம்மாள், சவேரியம்மாள், மிக்கேலம்மாள், ஆரோக்கியமேரி, லூர்துமேரி, சகாயமேரி என்று ஊருக்கு ஊர் பெயர்கள் விளைந்தன. இன்று கைப்பேசியைத் திறக்கிறோம். பள்ளியில் வேறெந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும், சிறிய பெயராக இருக்க வேண்டும், கூட்டினால் இந்த எண் வர வேண்டும் என்று ஆளுக்கொரு நிபந்தனை போடுகிறோம். திருமுழுக்குக்குப் பதிவு செய்ய வரும் இளம் பெற்றோரிடம், "இந்தப் பெயருக்கு என்னம்மா பொருள்?" என்று கேட்டால், "தெரியலை ஃபாதர், கேட்க நல்லா இருந்துச்சு" என்பார்கள்.

அப்படி அரிய பெயர் தேடுகிற பெற்றோருக்கு இன்றைய முதல் வாசகம் ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கிறது. தபித்தா. நம் கத்தோலிக்கப் பங்குகளில் இந்தப் பெயரை அதிகம் கேட்க முடியாது. திருநெல்வேலிப் பக்கம் சீர்திருத்த சபைக் குடும்பங்களில் தபித்தாள், தொற்காள் என்று பெயர் உள்ள பாட்டிமாரைச் சந்திக்கலாம். நம்மிடம் இது அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நாம் திருவிழாக் கொண்டாடும் புனிதர்களின் பெயரையே பெரும்பாலும் எடுத்தோம். தபித்தாவுக்குக் கொடியேற்றம் இல்லை, தேர் இல்லை, நவநாள் இல்லை. ஆனால் திருச்சபையின் புனிதர் பட்டியல் நூலில் அவருக்கும் ஒரு நாள் உண்டு. அது அக்டோபர் 25.

அன்பிற்குரியவர்களே, இந்தப் பெயரின் பொருள் என்ன? தபித்தா என்பது அரமேயச் சொல். பெண்மான் என்று பொருள். நற்செய்தியாளர் லூக்கா தம் நூலைக் கிரேக்க மொழியில் எழுதுகிறார். அரமேயம் அறியாத வாசகர்களுக்காக, இப்பெயரைக் கிரேக்கத்தில் தொற்கா என்பார்கள் என்று அவரே பெயர்த்தும் சொல்கிறார். அதற்கும் மான் என்றுதான் பொருள். வட ஆப்பிரிக்காவிலும் இஸ்ரயேலின் தென்பாலை நிலத்திலும் வாழும் ஒரு சிறு மானினத்தை விலங்கியலார் இன்றும் டோர்காஸ் என்றே அழைக்கிறார்கள். பழைய ஏற்பாட்டிலும் இதே பொருளுடைய பெயர் ஒன்று வருகிறது. யோவாசு மன்னனின் தாய் சிபியா (2 அரசர்கள் 12:1). எபிரேயத்தில் அதுவும் பெண்மான்தான்.

பெயரைப் பொருளோடு பெயர்த்துச் சொல்லும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர். நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள். நம் முன்னோருக்கு அவர் அருளப்பர் ஆனார். இலாசர் என்றால் கடவுள் உதவி செய்தார் என்று பொருள். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டப் பிள்ளை அந்தப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று ஏற்றார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது, உலகம் முழுவதும் அந்தப் பெயரை உச்சரித்தது. அவருடைய மனைவி பார்கவி அம்மாள் திருமுழுக்கில் பெற்ற பெயர் ஞானப்பூ. எவ்வளவு அழகான பெயர்! இன்று எத்தனை பேத்திகளுக்கு அந்தப் பெயர் இருக்கிறது?

மானை நினைத்தால் நமக்குக் கண்கள் நினைவுக்கு வரும். மான்விழி என்று நாமும் பெயர் வைக்கிறோம். தொற்கா என்ற சொல்லைக் கிரேக்கர்களும் 'பார்த்தல்' என்று பொருள்தரும் சொல்லோடு சேர்த்துப் பார்த்தார்கள். அகன்ற கண்களால் பார்க்கிற விலங்கு அது. தபித்தாவின் பெற்றோர் எதை நினைத்து இந்தப் பெயரை இட்டார்களோ, மகளின் அழகை நினைத்தோ, துள்ளலை நினைத்தோ, லூக்கா சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் தம் கண்களை எதற்குப் பயன்படுத்தினார் என்பதைச் சொல்கிறார்.

யோப்பா ஒரு துறைமுக நகரம். இன்று டெல் அவிவ் நகரோடு ஒட்டியிருக்கும் யாஃபா. யோனா இறைவாக்கினர் கடவுளிடமிருந்து தப்பியோடக் கப்பல் ஏறிய அதே துறைமுகம். கடற்கரை ஊர்களில் வாழும் நம் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடல் தருகிறது, கடல் எடுத்தும் கொள்கிறது. கடலுக்குப் போனவர் திரும்பி வராத வீடுகள் அங்கும் இருந்திருக்கும். அந்த நகரத்தின் கைம்பெண்களைத் தபித்தா பார்த்தார். யார் உடுத்த உடையின்றி இருக்கிறார், யாருடைய மேலாடை நைந்துபோயிருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டு ஊசியை எடுத்தார்.

லூக்கா இந்தப் பெண்ணைக் குறிப்பிடும் விதத்தைக் கவனியுங்கள். அக்காலத்தில் ஒரு பெண்ணைச் சொல்லும்போது இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பார்கள். தபித்தாவுக்கு அப்படி எந்த அடைமொழியும் இல்லை. கணவர் பெயர் இல்லை, தந்தை பெயர் இல்லை. சீடர் என்ற ஒரே அடையாளம்தான். சீடர் என்ற சொல்லின் பெண்பால் வடிவம் கிரேக்கப் புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அந்த ஓர் இடம் தபித்தாவுக்கு உரியது. அவர் போதித்தார் என்று எழுதப்படவில்லை, புதுமை செய்தார் என்று எழுதப்படவில்லை. நன்மை செய்தார், ஏழைகளுக்கு இரங்கினார், துணி தைத்தார். அதைத்தான் திருச்சபை சீடத்துவம் என்று எழுதி வைத்தது.

அவர் நோயுற்று இறந்துபோகிறார். உடலைக் குளிப்பாட்டி மேல்மாடி அறையில் கிடத்துகிறார்கள். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் லித்தாவில் பேதுரு இருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு ஆள்களை அனுப்புகிறார்கள். அவர் வந்து மாடி ஏறியதும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அழுகிறார்கள். நம் ஊர் இழவு வீட்டில் என்ன நடக்கும்? இறந்தவரின் நிறத்தையும் அழகையும் குலத்தையும் சொல்லி ஒப்பாரி வைப்போம். அந்தப் பெண்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. தபித்தா தங்களோடு இருந்தபோது தைத்துக் கொடுத்த அங்கிகளையும் மேலாடைகளையும் பேதுருவுக்குக் காட்டினார்கள். கிரேக்கச் சொல்லின் வடிவத்தை வைத்து, அவர்கள் அந்த ஆடைகளை உடுத்தியபடியே காட்டியிருக்க வேண்டும் என்கிறார்கள் விவிலிய அறிஞர்கள் சிலர். "இதோ, நான் போட்டிருக்கிறேனே, இது அவர் தைத்தது." ஒரு பெயருக்கு அகராதி தரும் பொருள் ஒன்று. அதைத் தாங்கியவர் வாழ்ந்து தரும் பொருள் வேறொன்று. யோப்பாவின் கைம்பெண்களைக் கேட்டிருந்தால், தபித்தா என்றால் மான் என்றா சொல்லியிருப்பார்கள்? "எங்களை மறக்காதவர்" என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு நடந்ததை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். பேதுரு எல்லாரையும் வெளியே அனுப்புகிறார், முழந்தாளிடுகிறார், மன்றாடுகிறார். பின்பு உடலின் பக்கம் திரும்பி, பெயர் சொல்லி அழைக்கிறார், எழச் சொல்கிறார். அவர் கண் திறக்கிறார்.

பேதுருவுக்கு இது எங்கிருந்து வந்தது? சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு வீட்டில், இன்னொரு படுக்கையின் அருகே அவர் நின்றிருந்தார். யாயிரின் வீடு அது. அங்கேயும் அழுதவர்களை ஆண்டவர் வெளியே அனுப்பினார். பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரையும், பிள்ளையைப் பெற்றவர்களையும் மட்டும் உள்ளே கூட்டிச் சென்றார். பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்து, 'தலித்தா கூம்' என்றார் (மாற்கு 5:41). தலித்தா என்றால் சிறுமி. தபித்தா என்றால் பெண்மான். நடுவில் ஓர் ஒலிதான் வேறு. ஆண்டவர் வாயிலிருந்து கேட்ட அந்தச் சொற்கள் பேதுருவின் நெஞ்சில் அப்படியே இருந்தன. தாம் பார்த்ததைத்தான் செய்தார், தாம் கேட்டதைத்தான் சொன்னார். ஒரு சீடர் இன்னொரு சீடரை இயேசுவின் குரலில் பெயர் சொல்லி அழைத்தார்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. யாயிரின் மகளுக்கு என்ன பெயர்? நற்செய்தியில் இல்லை. தந்தையின் பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது, பிள்ளையின் வயது கூட இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. பெயர் எழுதப்படாத அந்தப் பெண் பிள்ளைக்காக ஆண்டவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போனார், கையைப் பிடித்தார், எழுந்ததும் அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார்.

அன்பார்ந்தவர்களே, நம் நாட்டில் பெயரில்லாமல் போன பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? பெயர் இடும் நாள் வரை கூட வாழ விடப்படாத பிள்ளைகள் உண்டு. அதனால்தான் 1992-இல் தமிழ்நாடு அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. கருவிலேயே பெண் என்று அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேர்தான். குறைகிற அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை தபித்தாக்கள், எத்தனை ஞானப்பூக்கள்!

வாழவிட்ட பிள்ளைகளுக்கும் சில ஊர்களில் என்ன பெயர் வைத்தார்கள்? போதும்பொண்ணு. வேண்டாம். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால், அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று இப்படிப் பெயரிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது "வேண்டாம்" என்று கூப்பிட, அந்தப் பிள்ளை எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். நாளுக்கு நாள், ஆண்டுக்கு ஆண்டு, "நீ எங்களுக்கு வேண்டாம்" என்ற அழைப்புக்கு அந்தக் குழந்தை பதில் சொல்லிக்கொண்டே வளர வேண்டும். இதைவிடப் பெரிய காயம் ஒரு பிள்ளைக்கு உண்டா? பெயர் அழகாக இருக்க வேண்டும் என்று தேடுகிற பெற்றோரே, உங்களை நான் குறை சொல்லவில்லை. மகளுக்கு நல்ல பெயர் வேண்டும் என்று நீங்கள் ஏங்குவதே ஓர் அருள். என் மகள் எனக்கு வேண்டும் என்று நீங்கள் ஊரறியச் சொல்கிறீர்கள்.

அப்படியானால் எப்படிப் பெயர் வைப்பது? திருச்சபை இதில் தாராளமாகவே இருக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்தவப் பெயர் இடப்படுவதைப் பங்குத்தந்தை கவனிக்க வேண்டும் என்றும், பெற்றோர் இணங்காவிட்டால் ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு (எண் 855), கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் இடப்படாதவாறு பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. ஆகவே அன்பரசி, அருள்மொழி, கயல்விழி என்று நல்ல தமிழில் பெயர் வைக்கத் தடையில்லை. புனிதரின் பெயர் வைத்தால் இன்னும் நல்லது. ஒரு துணையாளரையும் ஒரு முன்மாதிரியையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைத்து வைக்கும் பெயர் அப்படி எந்தத் துணையையும் தராது.

ஒரு நடைமுறைச் செய்தியும் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமலே பதிவு செய்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அவசரப்பட வேண்டாம். பேசி, செபித்து முடிவு செய்யுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொரு பெயர் என்று வைத்தால், திருமண ஓலை எழுதும் நாளில் உங்கள் பிள்ளைதான் அலைய வேண்டியிருக்கும்.

அரிய பெயர் என்பதில் ஒரு மயக்கமும் இருக்கிறது. தபித்தா என்ற பெயரின் கதையே அதற்குச் சான்று. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் சீர்திருத்த சபையார் விவிலியத்திலிருந்து பெயர்களை எடுத்தபோது இது பரவியது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களோடு கடல் கடந்தது. பிறகு வழக்கொழிந்தது போல் ஆயிற்று. 1964 முதல் 1972 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பிவிட்ச்ட்' என்றொரு நகைச்சுவைத் தொடர் ஓடியது. அதில் மாயக்காரத் தாய்க்குப் பிறந்த மகளுக்குத் தபித்தா என்று பெயர் வைத்தார்கள். அதன்பின் நாடெங்கும் தபித்தாக்கள் பிறந்தார்கள். பின்னர் அதுவும் குறைந்தது. இப்படிப் பெயர்கள் அலைபோல் வரும், போகும். இன்று அரிதானது நாளை வகுப்பில் நான்கு பேருக்கு இருக்கும். தொற்கா என்ற பெயரோ வேறு வழியில் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கப் பெண்கள் கூடிய சங்கங்களுக்குத் தொற்கா சங்கம் என்று பெயர் வைத்தார்கள். குழந்தைக்கு வைத்த பெயர் வழக்கில் ஏறி இறங்கியது. பணிக்கு வைத்த பெயரோ பல ஏழைகளின் உடலைப் போர்த்தியது.

மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்பிரியான், அறச்செயல்களைப் பற்றி எழுதியபோது தபித்தாவை எடுத்துக்காட்டினார். அந்த அறையில் தபித்தாவுக்காகப் பேசியது யார்? கைம்பெண்களின் கண்ணீர் மட்டுமா? அவர் கொடுத்த கொடையே அவருக்காகப் பரிந்து பேசியது என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். கொடுப்பவரை அவர் கொடுத்ததே தாங்கும்.

இன்றைய நற்செய்தியில், இயேசுவின் பேச்சு கடினமாயிருக்கிறது என்று பலர் திரும்பிப் போகிறார்கள். நாங்கள் யாரிடம் போவோம், வாழ்வு தரும் வார்த்தைகள் உம்மிடம் இருக்கின்றன என்று பேதுரு நின்றுவிடுகிறார். அப்படி நின்றவர்தான் யோப்பாவில் அந்த வாழ்வு தரும் வார்த்தையை ஒரு பெண்ணின் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.

அன்பிற்குரியவர்களே, நம் பங்குகளிலும் தபித்தாக்கள் இருக்கிறார்கள். திருப்பலிக்கு முன் பீடத் துணிகளைத் துவைத்துத் தேய்த்து வைப்பவர், அன்பியத்தில் நோயாளியின் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவர், பழைய சீருடைகளைப் பிரித்துத் தைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பவர். அவர்களுக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். "ஜான் அம்மா", "டீக்கடைக்காரர் வீட்டம்மா", "மேற்குத் தெரு ஆச்சி" என்போம். திருமுழுக்கில் கொடுத்த பெயர் நமக்குத் தெரியாது. இறந்தபின் இரங்கல் சுவரொட்டி ஒட்டும்போதுதான், "இவருக்கு இதுவா பெயர்?" என்று வியக்கிறோம். உங்கள் பாட்டியின் அம்மா பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தவர்களிடம் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். பேத்திக்கு அரிய பெயர் தேடுகிறவர்களுக்கு, உங்கள் குடும்பத்திலேயே மறைந்து கிடக்கும் பெயர் அதுவாக இருக்கலாம்.

இன்னொன்றும் செய்வோம். நம் தெருவில் கணவரை இழந்து தனியாக வாழும் ஒரு சகோதரியின் வீட்டுக்கு இந்த வாரம் போவோம். வெறுங்கையாகப் போக வேண்டாம். போய் அமர்ந்து, அவருடைய பெயரைக் கேட்போம். அந்தப் பெயரைச் சொல்லி அக்கா என்றோ அம்மா என்றோ அழைப்போம். பல ஆண்டுகளாக யாருமே சொல்லாத பெயராக அது இருக்கக்கூடும்.

மன்றாடுவோம். ஆண்டவரே, எங்களைப் பெயர் சொல்லி அழைத்தவரே, எங்கள் வீடுகளில் பிறக்கும் ஒவ்வொரு பெண் குழந்தையும் வேண்டிப் பெற்ற பிள்ளையாக வளரச் செய்தருளும். பெயரிழந்த சகோதரிகளை உம் உள்ளங்கையில் பொறித்துக்கொள்ளும். தபித்தாவின் கண்களையும் கைகளையும் எங்களுக்குத் தாரும். என்றென்றும் வாழ்ந்து ஆட்சி செய்யும் எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.